டிசீவ் என்றால் வரவேற்பது

என் மனைவி எஸ்தர் வேலைக்குப் போகக் கூடாது. ஆனால் போகாதே என்று என் வாயால் சொல்லவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிற ஞானமுத்து சார் என்கிற என்னை ஆனையூரே நாகரிகமான மனிதன் என்று நம்புகிறது. ஆண்டுவிழா தவறாமல் பெண்ணுரிமை பேசுகிறவன். மூன்று வேளையும் எனக்குச் சோறு சுடச்சுட வேண்டும் என்பது மேடைக்குத் தேவையில்லாத தகவல்.

சமயநல்லூர் பக்கம் புதிதாக ஒரு ஹோட்டல். வரவேற்பாளர் வேலை. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ.

"கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. படிச்சதெல்லாம் அடுப்புல வெந்துபோச்சு" என்றாள் எஸ்தர்.

வாய்ப்பு தானாக வந்து மடியில் விழுந்தது. உட்காரவைத்தேன்.

"ரிசீவ்னா?"

"வரவேற்கிறது."

"அது சாதா ஆளுக்கு. பெரிய மனுசங்க வந்தா டிசீவ்னு சொல்லணும்."

"அப்படியா? இம்புட்டு நாளா தெரியாமப் போச்சே!"

"எங்கே, ஒரு வாக்கியம் சொல்லு."

"ஐ வில் டிசீவ் ஆல் அவர் கெஸ்ட்ஸ்!"

"பிரமாதம்!"

வருகிற விருந்தாளியை எல்லாம் ஏமாற்றுவேன் என்று சொல்கிறவளை எந்த முதலாளி வேலைக்கு வைப்பான்? பாத்திரம் கழுவும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை எனக்கு மனசு உறுத்தியது. அந்த நேரம் பார்த்து நெத்திலிக் குழம்பு வந்தது. உறுத்தல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைத் தேற்றுவதற்காக அல்வா வாங்கி வைத்தேன். ருசி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள்.

"வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

அல்வா தொண்டையில் நின்றது. "என்ன... என்ன கேட்டாங்க?"

"வீட்டுல நடந்த ஒரு சம்பவத்தை இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னாங்க. நீங்க எனக்கு டிசீவ் சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன். முதலாளியம்மா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, 'வீட்டுல இப்படின்னா உனக்கு இந்த வேலை ரொம்ப அவசியம்'னாங்க."

"அப்ப அர்த்தம் உனக்கு..."

"அன்னைக்கே தெரியும். போன்ல போட்டுப் பார்த்தேன்."

"பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன். இன்னைக்கு வாசல்ல செருப்பு மாட்டுற வரைக்கும் உங்க மூஞ்சியத்தான் பார்த்தேன். நீங்க டாட்டா காட்டுனீங்க."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, தலையில் இருந்த பூவை எடுத்து வைத்தாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக, நிஜமாகவே மனசு நொந்து, "சாரி, எஸ்தர்" என்றேன்.

"இருங்க" என்று போனை எடுத்தாள். "அதுக்கும் அர்த்தம் பார்த்துக்கிறேன்."