குறை கண்டுபிடிக்கப் போன தங்கை எழுதுவது

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் சௌக்கியம் என்று தெரியும். இல்லாவிட்டால் இதற்குள் நாலு முறை போன் வந்திருக்கும். போனிலேயே சொல்லியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள். கடிதத்தில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்கவும் முடிகிறது. காரணம் அவ்வளவுதான், கோபம் ஒன்றுமில்லை.

நீங்கள் இட்ட வேலையைச் செய்து முடித்துவிட்டேன். போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணியின் காதில் விழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி (உங்கள் தாழ்ந்த குரல் தெருமுனை வரைக்கும்தான் கேட்கும்), "வீடு பாக்கறேன்னு பொண்ணும் மாப்பிள்ளையும் ஊரைச் சுத்துதுங்க. நீயும் கூடப் போ. எந்த வீடா இருந்தாலும் ஒரு குத்தம் சொல்லு. அதான் உனக்குக் கைவந்த கலையாச்சே. அலுத்துப் போய் தானா நம்ம மாடிக்கு வந்துடுவாங்க" என்றீர்கள். பாடப்புத்தகங்களில் பிழை திருத்தியே தலை நரைத்தவள் நான். அதைக் கலை என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். மறுக்க மனம் வரவில்லை.

உங்கள் மகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஐந்தாம் மாதம். இப்போது இருக்கும் ஒற்றை அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். வீட்டுக்காரர் வயிற்றைப் பார்த்த நாளிலிருந்து, சுவருக்கு வெள்ளையடித்த செலவைப் பற்றி மட்டுமே பேசுகிறார். பிரசவத்துக்கு முன் இடம் மாறியாக வேண்டும். இருவர் சம்பளத்தையும் பார்த்து பேங்க் தருவதாகச் சொன்ன கடனில் நகரத்துக்குள் ஒரு பால்கனி வாங்கலாம். அதோடு ஒட்டிய வீட்டை வாங்க முடியாது. அதனால்தான் புறநகர். மாடி இருக்கும்போது கடன் எதற்கு என்பது உங்கள் கட்சி. நல்ல மாடிதான், காற்று வரும், வாடகை கிடையாது. ஆனால் கட்டட இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள், படிக்கட்டை வீட்டுக்குள்ளே, உங்கள் நாற்காலிக்கு நேரெதிரே வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். மாடியில் இருப்பவர் பால் வாங்கப் போனாலும் எங்கே, எதற்கு, ஏன் இந்தச் சட்டை என்ற மூன்று கேள்விகளைத் தாண்டித்தான் வாசலுக்கு வர முடியும். இதை நான் சொல்லவில்லை. உங்கள் மகள் ரயிலில் சொன்னாள். தகவலுக்காக எழுதுகிறேன்.

புரோக்கர் தன் காரில் கூட்டிக்கொண்டு போனால் எந்தப் பேட்டையும் அழகாகத்தான் தெரியும். ஆகவே முதல் வேலையாக ஒரு நிபந்தனை போட்டேன்: ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்தும்தான் போக வேண்டும், அதுவும் கைக்குழந்தையோடு போவது போலவே போக வேண்டும். ஏழு கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி, என் ஆபீஸ் சிநேகிதியிடம் குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் தூளி போன்ற பையை இரவல் வாங்கி, மாப்பிள்ளையின் கழுத்தில் மாட்டினேன். இந்தச் சோதனைக்கு முன் எந்த வீடும் நிற்காது என்பது என் கணக்கு. மாப்பிள்ளை இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் முதல் சிக்கல். அரிசிக்கு ஒரு குல்லாய் வாங்கி மாட்டினார். வெயில் பட்டால் கையை வைத்து மறைத்தார். கூட்டமான ரயிலில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "பையனா, பொண்ணா?" என்று பிரியமாகக் கேட்டார். "இன்னும் தெரியல சார்" என்றார் மாப்பிள்ளை. பெரியவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

முதலில் பார்த்த பேட்டையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அங்கே ஒன்றுமில்லை. எங்கள் புரோக்கருக்கு உங்கள் மகள் வைத்திருக்கும் பெயர் 'வருது'. மனிதர் கை காட்டிய திசையிலெல்லாம் ஏதாவது வந்துகொண்டிருந்தது. "இந்தப் பக்கம் ஸ்கூல் வருது மேடம். அதோ அந்த முள்ளுக்காடு தெரியுதில்ல, அங்க ஆஸ்பத்திரி வருது. மெட்ரோ வருது. அது வந்துட்டா இந்த ரேட்டுக்கு நீங்க கனவுலகூட வாங்க முடியாது." நான் என் வேலையைத் தொடங்கினேன். "வர்றதெல்லாம் இருக்கட்டும். இப்ப என்ன இருக்கு?" வருது நாலாபக்கமும் பார்த்தார். நேர்மையான மனிதர்தான் என்று அப்போது தெரிந்தது. "இப்ப... நாம இருக்கோம் மேடம்" என்றார். திரும்பி வர பஸ்ஸும் வருது என்றார். அது மட்டும் கடைசிவரை வரவில்லை. முதல் வீடு கழிந்தது. உங்களுக்கு ஒரு மதிப்பெண்.

இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்பு. பெரிய கேட், புல்வெளி, நீரூற்று, நீரூற்றில் தண்ணீர் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "குழந்தைங்கன்னா எங்க எல்லாருக்கும் உசிரு. சத்தம் மட்டும்தான் ஆகாது. புல்லுல மிதிக்கக் கூடாது, லிஃப்ட்டுல அழக் கூடாது, வராந்தாவுல பந்து உருளக் கூடாது. மத்தபடி முழுச் சுதந்திரம்." லிஃப்ட் பழுது. ஆறாவது மாடி. மாப்பிள்ளை அரிசியைத் தட்டிக்கொடுத்தபடி ஏறினார், உங்கள் மகளை நான் ஒவ்வொரு மாடியிலும் உட்காரவைத்து ஏற்றினேன். நான்காவது மாடிக்கு மேல்தான் அரிசிப் பையில் ஓட்டை விழுந்திருப்பதைக் கவனித்தோம். கீழிருந்து ஒவ்வொரு படியாக அரிசி சிந்தியிருந்தது, அதைப் பின்பற்றிச் செயலாளர் மேலே வந்துகொண்டிருந்தார், அவரைப் பின்பற்றி நாலைந்து புறாக்களும் வந்துகொண்டிருந்தன. "யாரு இது? யாரு இப்படிப் பண்ணினது?" என்று மூச்சிரைக்க அவர் கேட்க, மாப்பிள்ளை ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "குழந்தை சார், தெரியாமப் பண்ணிடுச்சு" என்றார். தான் பெறப்போகும் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசிய அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பையனைப் பற்றி நீங்கள் கல்யாணத்துக்கு முன் சொன்ன வார்த்தைகள் கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. இது என் சொந்தக் கருத்து. செயலாளர் எங்களை நிற்கவைத்து விதிமுறைகளை இன்னொரு தரம் சொன்னார். இறங்கும்போது உங்கள் மகள் என் காதில், "அத்தை, அந்த ஆள் அப்பா மாதிரியே இல்ல?" என்றாள். "சேச்சே, அப்பா இவ்வளவு மூச்சு வாங்க மாட்டார்" என்று உங்களை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "குழந்தை ராத்திரி அழுதா, நான் எழுந்துக்கறதுக்குள்ள அப்பா மேல ஏறி வந்திருப்பார். பால் பாட்டிலை இப்படிப் பிடி, தலைய அப்படி வைன்னுவார். நானும் தப்புத் தப்பாத் தூக்கிப் பழகணும்ல, அத்தை?" என்றாள். அவள் கையைப் பிடித்து அடுத்த படியில் இறக்கினேன். வீடுகளில் குறை கண்டுபிடிக்க மட்டுமே நீங்கள் சொல்லியிருந்தீர்கள். இரண்டாவது வீடும் கழிந்தது.

மூன்றாவது, ரயில் பாதை முடிகிற இடம். அதற்கப்பால் ரயிலே போக விரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளத் தெரு, ஒரு சைக்கிள் கடை, ஒரு மருந்துக்கடை, ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். வீட்டின் சொந்தக்காரி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரில் வருகிறவன் எப்படியும் மோதத்தான் போகிறான் என்று வாழ்நாளெல்லாம் நம்பிய அம்மாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். "மழை பெஞ்சா இந்த மூலைல ஒழுகும். பாத்துக்கோ. ஜன்னலைச் சாத்தணும்னா தோளால இடிக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் விடியக்காலைல பாடுவார், பாட்டு வராது. தண்ணி வரும், வேகம் வராது. சமையல்கட்டுல ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் வெளிய வந்துதான் திரும்பணும்." வருது கையெடுத்துக் கும்பிடாத குறை. "அம்மா, கொஞ்சம் நல்லதையும் சொல்லுங்கம்மா. பக்கத்துல பூங்கா வருதுன்னு..." "எங்கய்யா வருது? அது குப்பை கொட்டற இடம். நீ சும்மா இரு. இடது பக்கம் பாக்காம பேசாத." அண்ணா, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் சொல்ல வேண்டிய குறைகளையெல்லாம் விற்கிறவளே சொல்லிவிட்டால், நான் எதற்காக அவ்வளவு தூரம் போனேன்? ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "பொண்ணு வீட்டுப் பக்கம் போறேன்." "பொண்ணு கூப்பிட்டாளா?" "கூப்பிடல. அதான் பக்கத்துத் தெருவுல பாத்திருக்கேன். அதே தெருவுல இல்ல" என்றார். பிறகு மாப்பிள்ளையின் மார்பில் தொங்கிய, பாதி காலியான பையைப் பார்த்து, "என்னப்பா, புள்ளை இப்படி இளைச்சுக் கெடக்கு?" என்றார்.

எனக்கும் ஒரு தொழில் கௌரவம் உண்டு. வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கடைசியில் குளியலறையில் கிடைத்தது. ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். தண்ணீர் துவாரத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறை வாசலுக்கு நடந்து போனது. தரையின் வாட்டமே தலைகீழ். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார், இன்னொரு குவளை ஊற்றச் சொல்லிப் பார்த்தார். "இத்தனை வருஷம் துணியப் போட்டுத் தொடச்சிக்கிட்டே இருந்தேனே, ஏன்னு யோசிக்கலையே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெற்றி என்று நான் நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வெறுந்தரையில் அரிசியைப் பக்கத்தில் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு கையும் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் வாசல் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "என்னடி பண்றே?" என்றேன். "அத்தை, நீங்க வெளிய போங்க. அப்பா மாதிரி பெல் அடிங்க. நான் திறக்க மாட்டேன், பழகிக்கறேன்" என்றாள்.

போனேன். நீங்கள் அடிப்பது போலவே, விரலை எடுக்காமல் அடித்தேன். "யாரு?" என்றாள். "நான்தான், திற" என்றேன் உங்கள் குரலில். "இப்ப முடியாது, குழந்தை தூங்குது" என்றாள் உள்ளேயிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மறுபடி அடித்தேன். கதவு அசையவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா, கொஞ்ச நேரம் நான் நீங்களாக அந்தப் படியில் நின்றேன். முழங்கால் வலித்தது. மற்றபடி வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. மூன்றாவது முறை அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. "வாங்கப்பா, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. கர்ப்ப காலத்தில் அப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன்.

ஆகவே சுருக்கமாக: ஓர் இடத்தில் ஒன்றுமில்லை, ஓர் இடத்தில் சங்கம் இருக்கிறது, ஓர் இடத்தில் தரை சரியில்லை. மூன்றையும் உங்கள் விருப்பப்படியே குறை சொல்லி முடித்தாயிற்று. கார் ஓட்டும் அம்மாள் நாங்கள் கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும்தான் சொன்னார். விற்கிறவளே யோசிக்கப் போய்விட்டால் வாங்குகிறவர்களுக்கு என்ன வழி? நீங்கள் நிம்மதியாக மாடியைப் பெருக்கித் துடைத்து வையுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை இந்தக் கடிதத்துக்கு முன்பே சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியவர்களான உங்கள் இருவரின் ஆசியையும் வேண்டி, சின்னவளான நான் இத்துடன் வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்யும் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு மூன்று நாளாகிவிட்டது, பிரித்துச் சேர்க்கிறேன். அந்த அம்மாள் யோசித்துச் சொல்லிவிட்டார். நான் கண்டுபிடித்த குளியலறைக் குறைக்காக விலையைக் குறைத்துவிட்டார். அதில் பேங்க் கடனுக்குள் வீடு அடங்கிவிட்டது. நீங்கள் குறை கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பியிருக்காவிட்டால் இந்த வீடு அமைந்தே இருக்காது என்று மாப்பிள்ளை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆமாம், அவர்களுக்குத் தெரியும். முதல் நாளே ரயிலில் நான்தான் சொன்னேன். இன்று காலை ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அந்தத் தரையை உடைத்து வாட்டம் மாற்றிப் போட நல்ல கொத்தனாராகப் பார்க்கச் சொன்னேன். "கொத்தனார் வரட்டும். ஆனா கூட நின்னு பாத்துக்க அப்பா இருக்காரே, அவர்தான் வரணும்" என்றாள் உங்கள் மகள். தரையின் வாட்டம் பார்க்கும் உங்கள் ரசமட்டத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள். பெட்டி படுக்கை வேண்டாம்.