மலை மேல் சர்வர் சீட்டு

கனகம்மாசத்திரத்துப் பெண்ணுக்குத் திருவாலங்காட்டு மாப்பிள்ளை. ஆனால் பத்திரிகையில் அச்சாகி வந்ததோ கே.ஜி.கண்டிகை மாப்பிள்ளையின் பெயர். ஐந்நூறு பத்திரிகை! இரண்டு வீட்டாரும் கோதண்டத்தின் அச்சகத்துக்கு வந்து போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

"ஃபிளாப்பி மாறிப்போச்சு சார்," என்றாள் டைப் செய்யும் கனிமொழி. "மூணு கம்ப்யூட்டருக்கும் பொதுவா ஒரு சர்வர் வாங்கி, எல்லாப் பத்திரிகையும் அதுலயே வச்சிட்டா இந்த வம்பே இல்ல. தை மாசம் வருது. இன்னொரு மாப்பிள்ளை மாறினா கடையை மூடிட வேண்டியதுதான்."

கோதண்டம் விசாரித்தார். 2002-இல் சென்னைக் கம்பெனி சொன்ன விலைக்கு ஊரில் ஒரு மனையே வாங்கலாம். அரக்கோணம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சேட்டு, தானே பாகங்களை வாங்கிப் பூட்டித் தருவதாகச் சொன்னார். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகப் பதிந்துகொள்ளும். ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். விலையும் கைக்கு அடக்கம். இதுதான் என்று கோதண்டம் மனசுக்குள் முடிவே செய்துவிட்டார்.

மூன்றாவது ஆள் கேட்காமலே வந்தான். மனைவி பத்மஜாவின் தம்பி பங்காரு. புத்தூரில் பழைய சாமான் வியாபாரம்.

"இன்னா பாவா, நான் இருக்கும்போது சேட்டுகிட்ட போவீங்களா? மூடின கம்பெனி சர்வர் ஒண்ணு நமக்குன்னே வந்துகினு இருக்குது. பாதி விலை!"

பங்காரு சாமானின் லட்சணம் கோதண்டத்துக்குத் தெரியும். அவன் கொடுத்த மிக்சி முதல் சட்னியிலேயே புகைந்தது. அப்போதும் பத்மஜா தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் அம்மியில் அரைக்கிறாள். அவளிடம் போய், உன் தம்பி சாமான் வேண்டாம் என்று எந்தப் புருஷன் சொல்வான்?

நைசாக நழுவப் பார்த்தார். "எனக்கு ரெண்டு டிஸ்க் இருக்கணுமேப்பா."

"போட்டுட்டா போச்சு பாவா. வீட்ல ரெண்டு கிடக்குது. ஒண்ணு ஓடாது. அதுக்குத்தான் இன்னொண்ணு இருக்குதே!"

வேறு வழி தெரியாமல் கோதண்டம் முருகன் மேல் பாரத்தைப் போட்டார். "எதுக்கும் மூணு பேர் பேரையும் எழுதி மலைமேல சீட்டு போட்டுப் பாத்துடலாம். சாமி சொல்றதுதான்." இப்படிச் சொன்னால் விஷயம் நாலு நாள் தள்ளிப்போகும், பங்காருவும் மறந்துவிடுவான் என்பது அவர் கணக்கு.

"நாளைக்கே கிருத்திகைங்க," என்றாள் பத்மஜா உள்ளேயிருந்து. "சீட்டை நானே எழுதறேன். கடையில இருந்து மஞ்சப் பேப்பர் கொஞ்சம் எடுத்துகினு வாங்க."

கோதண்டம் யோசித்தார். அவள் எழுதினால் மூன்றிலும் தம்பி பேர்தான் இருக்கும்! காகிதம் எடுக்கப் போனவர், அதே மஞ்சள் காகிதத்தில் தானும் மூன்று சீட்டு எழுதி மடித்துக்கொண்டார். மூன்றிலும் 'சேட்டு'.

மறுநாள் பாதிப் படியிலேயே பங்காருவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுக்க அக்கா நின்றாள்.

"ஆங், தட்டை இப்படிக் குடு, நான் எடுத்துகினு வரேன்," என்று அர்ச்சனைத் தட்டை வாங்கினார் கோதண்டம். நாலு படி முன்னால் ஏறினார். வெற்றிலைக்கு அடியில் இருந்த சீட்டுகள் சட்டைப் பைக்கு வந்தன. பையில் இருந்தவை வெற்றிலைக்கு அடியில் போயின. முருகா, மன்னிச்சிடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்நிதியில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை சீட்டு எடுத்துக் கொடுத்தது. பங்காருவே பிரித்தான்.

"சேட்டு," என்று படித்தவனின் முகம் தொங்கிப்போனது. உடனே நிமிர்ந்தான். "அந்த மத்த ரெண்டையும் குடுங்க பாவா, பிரிச்சிப் பாக்கலாம்."

கோதண்டம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்லவேளையாகப் பத்மஜா பாய்ந்து வந்தாள்.

"சாமி குடுத்த அப்புறம் சோதனை பண்ணுவியாடா? தப்பு, தப்பு!" என்று இரண்டு சீட்டையும் பிடுங்கி உண்டியலில் போட்டுவிட்டாள்.

பெண்டாட்டியின் பக்தியை நினைத்துக் கோதண்டத்துக்குக் கண் கலங்கியே விட்டது. முருகனோடு போட்டி போட முடியாது என்று பங்காருவும் பிரசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கோபமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தான்.

சேட்டின் சர்வர் வந்தது. தை மாசம் நாற்பது கல்யாணம்; ஒரு மாப்பிள்ளைகூட மாறவில்லை. நடுவில் ஒரு டிஸ்க் செத்துப்போனது. இன்னொன்றில் அத்தனை மாப்பிள்ளைகளும் பத்திரமாக இருந்தார்கள். கோதண்டம் நிம்மதியாகத் தூங்கினார்.

மாசக் கடைசியில் அவருடைய மேஜை டிராயரைச் சுத்தம் செய்துகொண்டிருந்த கனிமொழி, மலையிலிருந்து வந்ததும் அவர் பிரிக்காமலே போட்டுவைத்த மூன்று மஞ்சள் சீட்டுகளை எடுத்துப் பிரித்தாள்.

"அதைப் படிக்காதம்மா, கிழிச்சிப் போட்டுடு," என்றார் கோதண்டம் பெருந்தன்மையாக. "பாவம், தம்பி மேல அவ்ளோ பாசம் அவளுக்கு."

கனிமொழி சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா கையெழுத்துதான் சார், ஆனா மூணுலயும் 'சேட்டு'ன்னுதானே எழுதியிருக்குது?"