பிரசங்கத்தின் நடுவே ஒரு மணி

மேனாம்பேடு,
10-12-1989

அன்புள்ள மைத்துனன் எட்மண்டுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு எல்லோரும் சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். நான் வாய் மூடியிருந்தது போதும்.

ஆவடியில் வேலை முடிந்த நேரத்தில், ரிச்சி தெரு எலெக்ட்ரானிக் சாமான்களை வைத்து நீ சிந்தசைசர் என்று ஒரு மின்வாத்தியப் பெட்டி செய்தது உன் இஷ்டம். அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து என் ஆர்மோனியத்தின் பக்கத்தில் வைத்து, "மாமா, உங்க பொட்டி மூச்சு வாங்கிகினு கீது, ரெஸ்ட் குடுங்க" என்று பாடகர் குழுவின் முன்னால் சொன்னதையும் பொறுத்தேன். ஒலி அலை ஓர் உயரத்தைத் தாண்டினால் உன் கருவி அதை வெட்டாமல், உன் அக்கா புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மடித்துவிடும் என்றாய். குமிழைத் திருப்பத் திருப்ப மடிப்புக் கூடி, குழல்போல் இருந்த ஒலி வெண்கலமாகும் என்றாய். பௌதிகம் படித்த எனக்கே பாடம். சரி. ஆனால் போன ஞாயிறு பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சைக்கிள் நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது, உன் முழங்கை குமிழையும் கட்டையையும் சேர்த்துத் தள்ளி, டங்கென்று ஒலித்ததே, அதை எப்படிப் பொறுப்பது? நற்கருணையை உயர்த்தும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணி என்று நினைத்து மொத்தச் சபையும் முழங்காலில் விழுந்தது. வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த இக்னேஷியஸ்கூட ஓடிவந்து விழுந்தார். "எழுந்திரிங்கப்பா, நான் இன்னும் சைக்கிளையே முடிக்கல" என்று சாமியார் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவமானத்தில் அடங்கிவிடுவாய் என்று நினைத்தேன். பூசை முடிந்ததும், முன்வரிசை லூர்தம்மாள் உன் கன்னத்தை வழித்து, "இன்னா மணி நைனா! நெஞ்சுக்குள்ள பூந்துகினு போச்சு. கிறிஸ்மஸுக்கும் இத்தயே அடி" என்கிறாள். இத்தனை வருடம் நான் வாசித்ததற்கு யாராவது முழங்கால் போட்டதுண்டா? இருமத்தான் செய்தார்கள். இப்போது சாமியார், கிறிஸ்துமஸுக்கு ஒரே வாத்தியம்தான், மாமனும் மச்சானும் பேசி முடிவு செய்யுங்கள் என்கிறார். பேச என்ன இருக்கிறது? அந்த வாத்தியக்காரர் நாற்காலி என்னுடையது. உன் பெட்டியை வெள்ளானூரில் உன் வீட்டிலேயே வை.

வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி.

பி.கு.: அந்த மணி அடங்கும்போது மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, கடைசியில் வெறும் குழலோசை மிஞ்சுகிறதே, அது என் ஆர்மோனியத்தின் மேல் ஸட்ஜத்தோடு அப்படியே இழைகிறது. அன்று பூசை முடிந்து நீ சாப்பிடப் போனபோது இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை பெட்டியோடு வா. குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதே. இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியம் என்று சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உன் அக்கா மீன் குழம்பு வைக்கிறாளாம். உனக்கு இப்படியொரு கடிதம் எழுதினேன் என்று தெரிந்தால் எனக்கு அது கிடைக்காது. ஆகவே கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.