கூரைப் பணமும் மாப்பிள்ளை பில்லும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. வழக்கமாக முதல் வரியில் உங்கள் நலம் விசாரிப்பேன். இந்த முறை விசாரிக்கவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். போன மாதம் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை, தூக்கமெல்லாம் சரியா இருக்கா" என்று கேட்டது, எங்கள் பள்ளிக் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய வக்கீல் பில்லில் "கட்சிக்காரருடன் கலந்தாலோசனை" என்று ஏறியிருக்கிறது. ஆகவே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் வகுப்புக் கூரை ஒழுகியதும், சரிசெய்ய முன்பணம் வாங்கிய மேஸ்திரி பாதி ஓடுகளைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காணாமல் போனதும் உங்களுக்குத் தெரியும். அவர் மேல் வழக்குப் போடக் குழு கூடியபோது, தலைவர் நாற்காலியில் இருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நம்ம மாப்பிள்ளை இருக்காரே, வெளியாள் எதுக்கு?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

நேற்றைய கூட்டத்தில் பொருளாளர் உங்கள் பில்லை உரக்க வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பள்ளியை நேரில் பார்வையிட்டதற்கு ஒரு தொகை. அது, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பேருந்துக்காகப் பள்ளி வாசலில் நீங்கள் நின்ற நாள். அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டது "வழக்கு தொடர்பான அமர்வு". பரிமாறிக்கொண்டே உங்கள் மாமியார் "அந்த மேஸ்திரி உருப்படுவானா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள், அதற்கு "சாட்சி விசாரணை" என்று தனி வரி. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பதைக்கூட அவள் கையால்தான் கேட்கிறாள்.

கடைசியில் மொத்தத்தை வாசித்தார். மேஸ்திரி கொண்டுபோனதைப் போல மூன்று மடங்கு. கூரைக்கென்று மிஞ்சியிருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் போதாது. தலைமையாசிரியை மெதுவாக, "மேஸ்திரியே பரவாயில்லைங்க, அவர் பாதிக் கூரையாவது விட்டுட்டுப் போனார்" என்றார். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன் மாப்பிள்ளை. உங்களை என்ன சொல்வது, பெண்ணைக் கொடுத்தவன் நான். மகளிடம் சொன்னால், "நீங்களே அவர்கிட்ட பேசுங்கப்பா, என்னை நடுவுல இழுக்காதீங்க"ங்கிறா. உங்ககிட்ட பேசணும்னா பேசுறதுக்கே பில்லு. நான் எங்க போய் முட்டிக்கிறது? இன்னிக்குக் காலையில மழையில அந்த வகுப்புக்குப் போனேன். பிள்ளைங்க யாரும் சொல்லாமலே பெஞ்சை நகர்த்திப் போட்டு, புத்தகத்தைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, சுவரோட ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குதுங்க. ஒரு வாண்டு என்னைப் பார்த்து, "தாத்தா, அங்க ஒழுகும், இங்க வாங்க"ன்னு தன் இடத்துல பாதி குடுத்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு மாப்பிள்ளை. தலைவர்னு சொல்லிக்கிட்டு இனி எந்த முகத்தோட அந்த வாசல்ல ஏறுவேன்?

ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். வழக்கை இத்துடன் விட்டுவிடுங்கள். பில்லில் கூரைக்கு ஆகிற அளவாவது குறைத்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம், அதற்கும் கட்டணம் இருக்கும். தலையை ஆட்டினால் போதும், மகள் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, இலவசமாக.

இப்படிக்கு,
கதியற்று நிற்கும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பொருளாளர் வந்தார். நான் இல்லாமலே கூடித் தீர்மானம் போட்டுவிட்டார்களாம்: பில் அநியாயம், அனுப்பிய வக்கீல் மேல் வழக்குத் தொடுப்பது என்று. "அதுக்கு நல்ல வக்கீலா ஒருத்தர் வேணுமே, யாரையாவது தெரியுமா?" என்றார். பழக்கதோஷம் மாப்பிள்ளை, வாய் முந்திக்கொண்டது. அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த விவகாரம் உங்கள் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள். சாப்பாடு நம் வீட்டில்தான். மாமியார் வாயே திறக்க மாட்டாள்.