சொக்குவுக்கு அடிபட்டது

தன் பிள்ளையின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனதை வரதன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மச்சான் நம்ம ஆளு. கோச்சிக்க மாட்டாரு" என்று மனைவி விஜியிடம் அடித்துச் சொன்னான்.

விஜியின் அண்ணன் செங்கல்வராயன் சனிக்கிழமை காலையே அயனம்பாக்கத்திலிருந்து வந்து இறங்கினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அலமாரியில் உட்கார்ந்திருந்த சொக்குவைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எம் பேரு இல்லாத ஊட்ல எம் பொம்மைக்கு இன்னா வேலை?"

சொக்கு, அவர் தன் தச்சுப் பட்டறையில் செதுக்கிய மரப்பொம்மை. அமெரிக்காவில் டிவி வந்த புதிதில் ஓடிய ஒரு பொம்மை நிகழ்ச்சியை யூடியூபில் பார்த்த வரதன், தொப்பி, கட்டம் போட்ட சட்டை, பார்வையாளர்களாகப் படிவரிசையில் குழந்தைகள் என்று அப்படியே அதைத் திருநின்றவூரில் இறக்கியிருந்தான். ஞாயிறுதோறும் உள்ளூர் கேபிளில் நேரலை. சொக்கு ஒரு வாரம் வராவிட்டாலும் அந்த நேரம் ராசிக்கல் ஜோசியருக்குத்தான் என்று கேபிள் முதலாளி பாஸ்கரன் சொல்லிவைத்திருந்தார். அப்புறம் வரதன் பழையபடி மொட்டைமாடிகளில் ஒயர் இழுக்கப் போகவேண்டியதுதான்.

அண்ணன் காலில் விழுந்து பொம்மையை வாங்கிவரச் சொன்னாள் விஜி.

"நான் இன்னாத்துக்குப் போவணும்? அவரே வருவாரு பாரு."

சொக்குவின் பழைய சட்டையில் தலையணைப் பஞ்சை அடைத்தான். மூஞ்சிக்கு வழியில்லாததால் தலை முழுக்கக் கட்டுப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, சொக்கு ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் போய் விழுந்துவிட்டான் என்று கேமரா முன் கண்கலங்கினான். சொக்குவுக்குக் குரல் கொடுப்பதும் வரதனே என்பதால் முனகல் பிரமாதமாக அமைந்தது.

படிவரிசை மொத்தமும் ஓவென்று அழுதது. அதை அடக்க, சொக்கு வீட்டில்தான் ஓய்வெடுக்கிறான், யாராவது வந்து பார்த்தால் சீக்கிரம் தேறிவிடுவான் என்று வாயை விட்டான். மறுநாள் விடிந்ததும் வாசலில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகத் தாய்மார்கள் வரிசை கட்டினார்கள். அவர்களைத் தவிர்க்க, பார்வையாளர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சாமியை வேண்டிக்கொண்டால் போதும் என்றான். ஒரு தெருப் பிள்ளைகள் அத்தனையும் மொட்டை போட வேண்டிக்கொண்டன. அதே தாய்மார்கள் இப்போது சண்டைக்கு வந்தார்கள்.

பிள்ளைகளின் முடியைக் காப்பாற்ற, சொக்குவுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி முடிந்தது, ஞாயிறு கட்டுப் பிரிக்கிறோம் என்று அறிவித்தான்.

இனி மூஞ்சி வேண்டும். பூந்தமல்லி துணிக்கடை ஒன்றில் பழைய பொம்மைத் தலை கிடைத்தது, ஆனால் மீசையோடு. சொக்குவுக்கு வயது ஏழு. மீசையைச் சுரண்டியதில் மேல் உதடும் கூடவே வந்துவிட்டது. "ஆபரேஷன் பண்ண மூஞ்சி அப்டித்தான் இருக்கும்" என்றான் வரதன். விஜி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிறும் வந்தது. ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் ஸ்டுடியோ வாசலில் செங்கல்வராயன் நின்றார். கையில் பெரிய பை, பக்கத்தில் மனைவி பொன்னியம்மா. வரதன் விஜியைப் பெருமையாகப் பார்த்தான். "நான் சொல்லல?"

செங்கல்வராயன் அவனைக் கவனிக்கவே இல்லை. நேரே போய்க் கட்டுப் போட்ட தலையைத் தடவிக் கொடுத்தார். கண்ணில் நீர் முட்டியது. பையிலிருந்து ஆப்பிளும் ரொட்டியும் இளநீரும் எடுத்து வைத்தார். அதற்குமேல் பையில் ஒன்றுமில்லை.

வரதன் பைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்தான். பொன்னியம்மாவை ஓரமாகக் கூப்பிட்டான்.

"இன்னாம்மா இது? சொக்கு உங்க ஊட்லதானே கீறான்?"

"நானும் அதத்தாண்ணே சொன்னேன். ஒரு வாரமா சோறு துன்னாம அழுதுகினு கீறாரேன்னு பீரோவத் தொறந்தே காட்டினேன். 'போடி, அது வெறும் பொம்மை'ன்ட்டாரு."