கைராசிக்காரரின் வளைகோடு

காலைத் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் போவான், சொல்லுங்கள் பார்ப்போம்? நம் வளைகோட்டார் கணிதத்தின் எல்லை வரைக்கும் போனார்.

கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு உத்தியோகம். செம்மறி குட்டி போட்டதும் பால் எப்படி ஏறும், எங்கே உச்சியைத் தொடும், எப்படி மெல்ல இறங்கி வற்றும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வளைகோடு வரைந்துவிடுவார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். ஆட்டு மடியை மட்டும் ஆயுசில் தொட்டதில்லை. வீட்டுக் கொட்டகையில் நின்ற செம்மறிகளை இரண்டு வேளையும் கறந்தது மனைவி. இடுப்பில் கைக்குழந்தை வேறு.

ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இனிமே காலைக் கறவை உங்களுது. பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டேங்குது."

"நான் விஞ்ஞானிம்மா!"

"ஆடு அதையெல்லாம் கேக்காது."

"பால் குடுக்குற உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு உனக்கென்ன தெரியும்?"

"ஏன், இந்த வீட்டுல பால் குடுக்குறது ஆடு மட்டும்தானா?"

வளைகோட்டார் இருமினார். பதில் இல்லாதபோது அவருக்கு இருமல் வரும்.

இருமி முடிப்பதற்குள் மகத்தான யோசனை ஒன்று உதித்தது. "புதுக் கை பட்டா ஆடு பாலை அடக்கிக்கும். ஒரு வாரம் காலையில நான் கறக்குறேன், சாயங்காலம் நீ. காலைப் பால், நம்ம ஆடுங்களுக்கு நான் வரைஞ்சு வெச்ச கோட்டுக்குக் கீழ போச்சுன்னா என்னை விட்டுடணும்."

"மேல போச்சுன்னா?"

"போகவே போகாது."

"போச்சுன்னா நீங்கதான் நிரந்தரம். சரியா?"

"சரி!"

முதல் நாள் பெரிய ஆடு அவர் காலை மிதித்தது. பாலில் கொஞ்சம் சட்டைக் கைக்குள் போனது. ஆனாலும் வாளி நிரம்பியது! மறுநாள் அதைவிட அதிகம். வாரக் கடைசியில் காலைப் பால் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. மாலைப் பாலை அவர் பார்க்கவே இல்லை. அது மனைவியின் இலாகா.

தோற்ற மனுஷன் அழ வேண்டாமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிலையத்துக்குப் போனார். "என் கைராசியைக் கணக்குல சேர்க்காம விட்டுட்டேன் சார்" என்றார். சமன்பாட்டில் அதற்கென்று ஓர் எழுத்தும் சேர்த்தார். இயக்குநர் கைகுலுக்கி, அந்தக் கோட்டைச் சுவரிலேயே மாட்டிவிட்டார்.

பெருமை தாங்காமல் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் சாயங்காலக் கறவைக்கு உட்கார்ந்த மனைவி நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஆட்டைத் தட்டிக்கொடுத்து எழுந்தாள்.

"அதுக்குள்ள எழுந்துட்டே? மடியில பாதிப் பால் அப்படியே நிக்குதே!"

"நிக்கட்டும்ங்க. காலையில உங்க கைராசிக்கு வேணும்ல?"

வளைகோட்டாரின் முகம் உச்சியிலிருந்து இறங்கியது.

"அடிப்பாவி! இது மோசடி! நாளைக்கே இயக்குநர்கிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லுங்க. சுவத்துல மாட்டின கைராசி, பொண்டாட்டி மிச்சம் வெச்சதுன்னு சேர்த்துச் சொல்லுங்க."

அவருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் ஓயவே இல்லை.

மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஏங்க, ஒரே ஒரு உதவி. காலையில கறக்கப் போறப்ப கதவைச் சத்தமில்லாம சாத்திட்டுப் போங்க. நானும் பிள்ளையும் தூங்கணும்."