முன் அறைச் சுவரில் ஜோசையா பில்லிங்

ஈஸ்டருக்குள் ஜோசையா பில்லிங்கைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவது என்று வில்ஃப்ரெட் கிரிம்ஷா முடிவு செய்தார்.

இத்தனைக்கும் ஜோசையா செத்து எழுபத்துமூன்று வருடம் ஆகிறது. சுவரில் இருந்தது படம்தான். ஆனால் அந்தப் படம் நாற்பத்தாறு வருடமாக வில்ஃப்ரெட்டை முறைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் தாடி, வயிற்றின் குறுக்கே கடிகாரச் சங்கிலி, இரண்டு பக்கமும் குவளைப் பிடி மாதிரி விடைத்து நிற்கும் காதுகள். ஜோசையா அவருடைய மனைவி எட்னாவின் கொள்ளுத்தாத்தா. இங்கிலாந்தின் போல்டன் ஊரில் நாற்பது வருடம், சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தியவர். ஒரு சொட்டு பீர் தொட்டதில்லை. ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் நிற்பார். இதெல்லாம் எட்னா சொன்னது. வருடத்துக்குக் குறைந்தது முப்பது முறை சொன்னது. வில்ஃப்ரெட் பெருக்கிப் பார்த்திருந்தார்: ஆயிரத்து முன்னூற்று எண்பது முறை.

வில்ஃப்ரெட்டுக்குக் கணக்கு முக்கியம். நாற்பத்துநான்கு வருடம் நெசவாலையில் அவர் பார்த்த வேலை, தறியிலிருந்து இறங்கும் துணியை மேசையில் இழுத்துப்போட்டு, கெஜத்துக்குக் கெஜம் குறை கண்டுபிடிப்பது. அறுந்த இழை, எண்ணெய்க் கறை, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆலையை மூடிய பிறகு குறை கண்டுபிடிக்க வீட்டில் எட்னா மட்டும்தான் மிச்சம். அவளோ அந்த மேசையில் விழாத துணி.

சண்டை வந்தது கிறிஸ்துமஸ் மறுநாள். வில்ஃப்ரெட் இரண்டாவது கிளாஸ் ஷெர்ரி ஒயினை ஊற்றினார். எட்னா படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அவர் பார்த்துக்கிட்டு இருக்கார், வில்ஃப்."

"பார்க்கட்டும். அந்தக் காதை வெச்சுக்கிட்டு அவருக்குக் கேக்கவும் செய்யும். ஊத்தற சத்தம் தெருமுனையில இருந்தாக்கூடக் கேட்டிருக்கும்."

"காதைப் பத்திப் பேசாதே."

"ஏன் பேசக்கூடாது? காத்தடிச்ச அன்னிக்கு அந்த ஆள் எப்படி நேரா நடந்து சேப்பலுக்குப் போனாரு?"

எட்னா சிரித்தாள். காதைப் பற்றிச் சொன்னால் அவள் எப்போதும் சிரிப்பாள். அதுதான் அவருக்குப் புரியாத விஷயம். தாத்தாவைக் கேலி செய்தால் கோபம்தானே வர வேண்டும்?

"அவர் மேல ஒரு கறை உண்டா?" என்று கேட்டாள். "உன் ஆளுங்களைப் பத்திக் கேட்டா உனக்கே தெரியாது. எங்க ஆளு, பாரு, சட்டம் போட்டு மாட்டற மாதிரி வாழ்ந்திருக்கார்."

"கறை இல்லாத துணியே கிடையாது, எட்னா. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். அவ்வளவுதான்."

"பிடி. எழுத்துல ஒரே ஒரு கறை காட்டு. படத்தை இறக்கிடறேன். ஈஸ்டருக்குள்ள காட்டலைன்னா, இந்த அறைக்கு வால்பேப்பர் ஒட்டணும்."

வால்பேப்பர் ஏழு சுருள், மாடிப்படிக்குக் கீழே ஒன்பது வருடமாகக் கிடந்தது. இடுப்பு வலி, மழை, கால்பந்து, உலக நிலவரம் என்று வில்ஃப்ரெட் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"சரி" என்றார். கையும் குலுக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு நூலகம். பழைய பதிவேடுகளைப் படச்சுருளில் ஏற்றி, எந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்தார்கள். வில்ஃப்ரெட் மூன்று பென்சில் சீவி எடுத்துப் போனார். எட்னா ரொட்டியில் சீஸ் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவ்வளவு அன்பாகக் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது செவ்வாய் முதல் பிடி கிடைத்தது.

"எட்னா! 1871 மக்கள்தொகைக் கணக்குல ஜோசையாவுக்கு வயசு இருபத்துமூணு. 1881-ல முப்பத்தொண்ணு. பத்து வருஷத்துல எட்டு வயசுதான் கூடியிருக்கு! அரசாங்கத்துக்கிட்டயே பொய்!"

எட்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "பொய்யா அது? அடக்கம். பத்து எடுத்துக்கோன்னாலும் எட்டு போதும்னு இருந்திருக்கார்."

"இது கறை இல்லையா?"

"கணக்கெடுக்க வந்தவன் திங்கட்கிழமை, துணி துவைக்கிற நாள்ல வந்திருப்பான். வீடு முழுக்கத் துவைச்ச துணி, ஆவி. அந்தப் புகையில யாரு வயசைச் சரியா சொல்லுவா? வேற கொண்டா."

வேறு கிடைக்கவில்லை. வரிப் புத்தகம் சுத்தம். காவல் நிலையப் பதிவு சுத்தம். சாராயக்கடைக் கலாட்டாவில் பதினேழு பில்லிங்குகள் பிடிபட்டிருந்தார்கள். ஒருவர்கூட ஜோசையா இல்லை. ஆறு செவ்வாய் போன பிறகு வில்ஃப்ரெட் காகிதத்தை விட்டு மனிதரிடம் போனார்.

ஜோசையாவை நேரில் பார்த்து இன்னும் உயிரோடு இருப்பவர் ஒரே ஆள்தான்: வில்ஃப்ரெட்டின் அப்பாவோடு பிறந்த ஆலிஸ் அத்தை. எண்பத்தெட்டு வயது. பக்கத்து ஊரான பார்ன்வொர்த்தில் தனியாக இருந்தாள். சின்ன வயதில் பில்லிங் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குப் போனார்கள். அத்தை முன் அறையைத் திறந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் திறக்கும் அறை அது. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு தானாகவே நிமிர்ந்துவிடும். மேசையில் வாட்டிய பன்றிக்கறித் துண்டுகள், டின்னிலிருந்து எடுத்த பீச்சுப் பழம், தலைக்கு மூன்று துண்டு.

வில்ஃப்ரெட் நோட்டைத் திறந்தார். கேள்விகள் ஒன்பது எழுதி வைத்திருந்தார்.

"ஜோசையா பில்லிங் எப்படிப்பட்டவர், அத்தை?"

"நல்ல மனுஷன்டா."

"குடிப்பாரா?"

"நல்ல மனுஷன்."

"உங்களோட பேசுவாரா?"

"எங்கப்பாவைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிடுவாரு. நாங்க பிள்ளைங்க கூட இருந்தா இன்னும் வேகமா போவாரு."

வில்ஃப்ரெட் எழுதிக்கொண்டார்: கூச்ச சுபாவம்.

மிச்ச எட்டுக் கேள்விக்கும் எட்டு நல்ல மனுஷன். அதற்குள் எட்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். "நான் கழுவறேன், அத்தை."

"நீ கழுவு, நான் துடைக்கிறேன்" என்று ஆலிஸ் அத்தை பின்னாலேயே போனாள்.

அந்த ஊரில் குடும்பக் கதைக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று முன் அறையில் ஆண்களுக்குச் சொல்வது. இன்னொன்று பின்கட்டில், தண்ணீர் கொட்டும் சத்தத்துக்குள், பாத்திரம் கழுவுகிறவளுக்குத் துடைக்கிறவள் சொல்வது. எழுபத்தொரு வயதில் வில்ஃப்ரெட் இதுவரை ஒரு தட்டு கழுவியதில்லை.

நாற்பது நிமிடம் ஆயிற்று. தட்டு மொத்தம் பதினொன்று. நடுவில் இரண்டு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு முறை அத்தைக்குப் புரையே ஏறியது. எட்னா வெளியே வந்தபோது கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"என்ன அது?"

"கேக்."

"என்ன பேசினீங்க?"

"என் மூட்டுவலியைப் பத்தி விசாரிச்சாங்க."

"அதுக்கா சிரிச்சீங்க?"

"மூட்டுல சிரிக்க எவ்வளவோ இருக்கு, வில்ஃப்."

பதினோராவது செவ்வாய், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. வில்ஃப்ரெட்டின் கை நின்றது.

1875, மார்ச் 14. குழந்தை: ஈனோக் பில்லிங். தாய்: சேரா கிரிம்ஷா, நெசவுக்காரி, மணமாகாதவள். தந்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

வில்ஃப்ரெட்டுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஊர்களில் ஆள் கைவிட்ட பெண் செய்கிற ஒரே பழிவாங்கல் அதுதான். தந்தை என்று எழுத விடமாட்டார்கள். அதனால் அவனுடைய குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைத்துவிடுவாள். பாதிரியார் தண்ணீர் தெளித்து, ஊர் கேட்க உரக்கச் சொல்லியாக வேண்டும். வில்ஃப்ரெட் வேகமாகச் சுருளைத் திருப்பினார். அதே வருடம் ஜூனில் ஜோசையா பில்லிங் ஆலை மேற்பார்வையாளரின் மகளைக் கல்யாணம் செய்திருந்தார். அந்த மாதமே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குத் தலைவர். பக்கத்தில் வேறு பில்லிங் வீடு உண்டா என்று பார்த்தார். சேராவின் தெருவில் ஒரே பில்லிங்தான். இருபத்தேழு வயது. ஜோசையா.

சேராவும் கிரிம்ஷா என்பது அவரை ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. போல்டனில் கிரிம்ஷாக்களுக்குப் பஞ்சமா? தொலைபேசிப் புத்தகத்திலேயே நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணியிருக்கிறார். தன் பக்கத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெட் தாத்தா வரைக்கும்தான். தாத்தாவை எல்லோரும் நெட் என்றார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்ன, அவருடைய அம்மா யார், இதெல்லாம் வில்ஃப்ரெட் கேட்டதே இல்லை. பதினோரு செவ்வாயும் மனைவி வீட்டுத் துணியைத்தான் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நேராக முன் அறை, நாற்காலி மேல் ஏறினார், படத்தைக் கொக்கியிலிருந்து தூக்கினார். நாற்பத்தாறு வருடத் தூசி முகத்தில் கொட்டியது. அதுகூட இனித்தது.

"எட்னா! வா இங்க! உன் சட்டம் போட்ட மனுஷன் இறங்கிட்டார்!"

எட்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் நூலகத்தில் எடுத்த நகலைப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு. "ஈனோக். பில்லிங். மணமாகாதவள். அந்தப் பொண்ணை நடுத்தெருவுல விட்டுட்டு, நாற்பது வருஷம் அடுத்தவன் பிள்ளைக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்திருக்கார் உங்க தாத்தா! இது கறையா இல்லையா?"

"கறைதான்" என்றாள் எட்னா.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையில் படத்தோடு நாற்காலி மேலேயே நின்றார்.

"நீ ஜெயிச்சுட்டே, வில்ஃப். இறங்கி உட்காரு. இதையும் படி."

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அதிலிருந்து ஒரு காகிதம். ஆலிஸ் அத்தை கொடுத்த கேக் அதுதான். பழைய பிறப்புச் சான்றிதழ். ஈனோக் பில்லிங் கிரிம்ஷா. தாய் சேரா. தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு. பின்பக்கம் பென்சிலில், அத்தையின் கையெழுத்து: எங்கப்பா, நெட்.

வில்ஃப்ரெட் விரல் விட்டு எண்ணினார். ஆலிஸ் அத்தையின் அப்பா என்றால் தன் அப்பாவின் அப்பா. அவர் நெட் தாத்தா. நெட்டின் அப்பா... மறுபடி சுண்டு விரலில் தன்னை வைத்துத் தொடங்கினார். எத்தனை முறை எண்ணியும் நாலாவது விரலில் ஜோசையாதான் வந்தார்.

"அவர் எனக்கும் கொள்ளுத்தாத்தாவா?"

"ஆமா. எங்க குடும்பத்து மேல ஒரு கறை காட்டச் சொன்னேன். தேடிக் கண்டுபிடிச்சுட்டே. அந்தக் கறை நீதான், கண்ணு."

"உனக்கு... எப்பத்திலிருந்து தெரியும்?"

"1948-ல இருந்து. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை உங்கம்மா பாத்திரம் கழுவினாங்க. நான் துடைச்சேன்."

"அப்ப எதுக்குப் பதினோரு செவ்வாய் என்னை விட்டே?"

"வாயால சொன்னா நம்புவியா? எழுத்துல வேணும்னு கேப்பே. அதோட செவ்வாய்க்கிழமை மேபெல்லும் மத்தவங்களும் சீட்டாட வருவாங்க. நீ இருந்தா எங்க சீட்டை எண்ணுவே."

வில்ஃப்ரெட் படத்தைப் பார்த்தார். இறக்கினால் பில்லிங் குடும்பம் மட்டும் இறங்காது, அவரும் சேர்ந்து இறங்க வேண்டும். மாட்டினால், கைவிட்டவனைத் தானே கும்பிட்டு மாட்டியதாகும். கடைசியில் எஞ்சிய ஒரே மரியாதையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படியோ, பந்தயத்துல ஜெயிச்சது நான். வால்பேப்பர் ஒட்ட வேண்டியதில்லை."

"வேண்டியதில்லைதான்" என்றாள் எட்னா. "சுவத்தை மட்டும் திரும்பிப் பாரு."

திரும்பினார். படம் இருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு சதுரம். அதில் மட்டும் பழைய வால்பேப்பரின் ரோஜாப் பூக்கள் புதிதாகச் சிவந்திருந்தன. அதைச் சுற்றி நாற்பத்தாறு வருடக் கரிப்புகை, பழுப்பு, அழுக்கு. நாற்பத்துநான்கு வருடம் துணியில் குறை பார்த்த கண்ணால் அதைச் சகிக்க முடியவில்லை.

"ஈஸ்டர் டீக்கு மேபெல் வர்றா. 'அந்த இடம் மட்டும் ஏன் பளிச்சுன்னு இருக்கு?'ன்னு கேப்பா. நீயே சொல்லிடு. பின்கட்டுல வெச்சுச் சொல்லு, நான் கழுவறேன்."

ஏழு சுருளையும் வில்ஃப்ரெட் ஐந்தே நாளில் ஒட்டி முடித்தார். ஓரங்கள் ஒரு மயிரிழை பிசகவில்லை. ஆறாம் நாள் எட்னா ஜோசையாவைக் கண்ணாடி துடைத்துக் கொண்டுவந்தாள்.

"சேராவோட படம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"நெசவுக்காரியை யாரு படம் எடுத்தா? இவரை மாட்டு. பெத்த பிள்ளையைக் கண்டு எதிர்ப்பக்கம் ஓடினவர். இனி நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்."

அவர் ஏணியில் ஏறினார். எட்னா கீழே நின்று, ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தாள். "இடது பக்கம் கொஞ்சம் மேல. இன்னும் கொஞ்சம். அப்படியே நில்லு, வில்ஃப். ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க. கடவுளே, நான் நாற்பத்தாறு வருஷம் சிரிச்சது சும்மா இல்லை."

கண்ணாடியில் ஜோசையாவின் முகத்தின் மேல் வில்ஃப்ரெட்டின் முகம் விழுந்திருந்தது. காதோடு காது, ஓரம்கூடப் பிசகாமல்.

அன்றிலிருந்து வில்ஃப்ரெட் வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை.